விசைப்பலகை உறை மாட்டிய டேப்லெட், மடிக்கணினிக்கு ஈடாகுமா?

2 மார்ச் 2025, வாசகர் கேள்வி

என் மடிக்கணினிக்கு ஏழு வயதாகிறது. திரையின் கீல் உடைந்துவிட்டது; மின்கலம் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. நான் செய்வது மொழிபெயர்ப்பு, பிடிஎஃப் வாசிப்பு, வாரம் இரண்டு முறை காணொளிச் சந்திப்பு, மாதம் ஒருமுறை ஓர் எக்செல் கணக்கு, அவ்வளவுதான். இதற்குப் புதிய மடிக்கணினி எதற்கு, நல்ல டேப்லெட்டும் விசைப்பலகை சேர்ந்த உறையும் போதாதா என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். அப்படிச் சொல்கிற யாரும் தங்கள் மடிக்கணினியை விட்டுவிட்டதாகத் தெரியவில்லை. டேப்லெட்டை மட்டும் நம்பி வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

3 மார்ச் 2025

நான் பார்த்திருக்கிறேன். மெய்ப்புத் திருத்தமும் மொழிபெயர்ப்புகளைச் செப்பனிடுவதும் என் தொழில். பிப்ரவரி 1ஆம் தேதி மடிக்கணினியை அலமாரியில் வைத்துவிட்டு, 11 அங்குல டேப்லெட்டையும் அதன் விசைப்பலகை உறையையும் மட்டும் கொண்டு அந்த மாதத்தின் 28 நாளையும் ஓட்டினேன். என் வேலையில் முக்கால் பங்கு அதில் தடையின்றி நடந்தது. எழுதுவதற்கு அது போதும். காணொளிச் சந்திப்புக்கு அதன் கேமரா என் மடிக்கணினியின் கேமராவைவிடத் தெளிவு. காலையில் மின்னேற்றினால் இரவுவரை அந்த நினைப்பே வராது.

மெய்ப்பு பார்ப்பதில் அது மடிக்கணினியை மிஞ்சியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உறையிலிருந்து டேப்லெட்டைக் கழற்றி, தாளைப் பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பேனாவால் பிடிஎஃப் பக்கத்தின்மேலேயே திருத்தினேன். ஒற்று விடுபட்ட இடத்தில் ஒரு கோடு, ஓரத்தில் 'ப்' என்று ஓர் எழுத்து; இரண்டு நொடி வேலை. மடிக்கணினியில் அதே திருத்தத்துக்குச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, குறிப்புப் பெட்டியைத் திறந்து, தட்டச்சிட்டு, பெட்டியை மூடி, விட்ட வரியைக் கண்ணால் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்துத் திருத்தம் என்றால் முந்நூறு பக்க நூலில் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கழுத்தும் தோளும் தாளில் திருத்திய காலத்து நிலைக்குத் திரும்பின.

4 மார்ச் 2025

நேற்று 'முக்கால் பங்கு' என்று எழுதியதை இன்று படிக்கும்போது, அது வாங்க நினைப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்று தோன்றுகிறது. நேரக் கணக்கில் அது சரி. ஆனால் மீதிக் கால் பங்கு ஓரமாக ஒதுக்கிவைக்கக்கூடிய வேலை அல்ல. முடித்த நூலை ஒப்படைப்பதும், இரண்டு பிரதிகளை ஒப்பிடுவதும், வந்த கோப்பைத் திறக்கும் நிலைக்குக் கொண்டுவருவதும் அதற்குள்தான் அடங்குகின்றன. முக்கால் பங்கை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அந்தக் கால் பங்கு நடக்காவிட்டால் ஊதியம் வராது.

6 மார்ச் 2025

அந்தக் கால் பங்கில் என்னதான் நடந்தது என்று கேட்கப்பட்டிருக்கிறது. ஓர் இரவைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 19. திருத்தி முடித்த 412 பக்க மெய்ப்பைப் பதிப்பகத்தின் இணையச் சேமிப்பகத்தில் ஏற்ற வேண்டும். படங்கள் நிறைந்த நூல் என்பதால் கோப்பு 380 எம்பி இருந்தது. உலாவியில் பக்கத்தைத் திறந்து, கோப்பைக் காட்டிக் கொடுத்தேன். பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்து அறுபது விழுக்காட்டைத் தாண்டியது. அந்த நேரத்தில் பதிப்பாசிரியர் ஓர் ஐயம் கேட்டு மின்னஞ்சல் அனுப்ப, அதைத் திறந்து, மெய்ப்பில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்து, நான்கு வரி பதில் எழுதினேன். திரும்ப உலாவிக்கு வந்தபோது பக்கம் வெள்ளையாக ஒரு கணம் நின்று, பிறகு புதிதாகத் திறந்தது. பட்டையும் இல்லை, ஏற்றிய கோப்பும் இல்லை. இரண்டாம் முறை, திரையை அணையவிடாமல் அவ்வப்போது விரலால் தொட்டபடி, வேறெதையும் திறக்காமல் இருபத்தைந்து நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இதைக் கருவியின் பழுது என்று சொல்ல மாட்டேன். டேப்லெட் இயங்குதளங்கள் கைபேசியின் வழிவந்தவை. கண்முன் இல்லாத செயலியை உறங்க வைப்பதும், நினைவகம் தேவைப்பட்டால் அதை மூடிவிடுவதும் அவற்றின் இயல்பு. மின்கலம் நாள் முழுவதும் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மடிக்கணினியின் இயங்குதளமோ பின்னால் ஒதுங்கிய நிரலையும் தொடர்ந்து ஓடவிடுகிறது. நினைவகம் போதாவிட்டால் வட்டில் சிறிது இடம் எடுத்துக்கொண்டு சமாளிக்கிறது. டேப்லெட்டில் நாம் மெச்சுகிற குணமும் நாம் நொந்துகொள்கிற குணமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

7 மார்ச் 2025

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். உலாவி வழியாக ஏற்றாமல், அந்தச் சேமிப்பகத்துக்கென்று உள்ள தனிச் செயலி வழியாக ஏற்றியிருந்தால் அது பின்னணியிலும் தொடர்ந்திருக்கும் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். இன்று அதே அளவுக் கோப்பை வைத்துச் சோதித்தேன். அவர் சொன்னது சரி. திரையை இரண்டாகப் பிரித்து உலாவியை ஒரு பாதியில் வைத்திருந்தாலும் அது உறங்குவதில்லை. ஆகவே முடியாது என்று நான் எழுதியதை, முடியும் ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிவழி தெரிந்திருக்க வேண்டும் என்று திருத்திப் படியுங்கள்.

11 மார்ச் 2025

மடியில் வைத்துத் தட்டச்சிட முடியுமா என்ற கேள்விக்கு: முடியும், ஆனால் மகிழ்ச்சியாக முடியாது.

மடிக்கணினியில் மின்கலமும் மூளையும் விசைப்பலகைக்குக் கீழே இருக்கின்றன. திரை வெறும் மெல்லிய மூடி. டேப்லெட்டில் எடை முழுவதும் திரைக்குப் பின்னால் இருப்பதால், அதை நிமிர்த்தி வைத்தவுடன் பின்பக்கம் சாயப் பார்க்கிறது. இதற்கு உறை செய்வோர் இரண்டு வழிதான் கண்டிருக்கிறார்கள். பின்னால் ஒரு தாங்கு காலை நீட்டுவது ஒன்று. கீழ்த்தட்டைக் கனமாக்குவது மற்றொன்று. தாங்கு கால் இருந்தால் மொத்த ஆழம் கூடிவிடுகிறது. என்னுடையதை அளந்தேன், விசைப்பலகையின் முன்விளிம்பிலிருந்து காலின் நுனிவரை 28 செ.மீ. வருகிறது. ரயிலில் உட்கார்ந்து வைத்தபோது தாங்கு கால் முழங்கால் விளிம்புக்கு வந்துவிட்டது. வண்டி குலுங்கியபோதெல்லாம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் எழுத முடிந்தது.

கீழ்த்தட்டைக் கனமாக்கினால் ஆட்டம் நின்றுவிடும், எடை ஏறிவிடும். ஆப்பிளின் டேப்லெட்டான ஐபேட் ப்ரோவில் 2021ஆம் ஆண்டின் 12.9 அங்குல வகை 682 கிராம். அதற்கான விசைப்பலகை உறையான மேஜிக் கீபோர்டு ஏறத்தாழ 700 கிராம். இரண்டும் சேர்ந்து 1.4 கிலோவை நெருங்குகின்றன. 2020இல் எம்1 சில்லோடு வந்த ஆப்பிளின் மடிக்கணினி மேக்புக் ஏர் 1.29 கிலோதான். எடை குறையும் என்பதற்காகவே டேப்லெட்டுக்கு மாற நினைப்பவர்கள், டேப்லெட்டையும் உறையையும் சேர்த்து நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

14 மார்ச் 2025

விசைப்பலகையைப் பற்றியே இன்னும் எழுதவில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

உறையில் ஊசிமுனைத் தொடர்பு வழியே இணையும் விசைப்பலகைக்கும் புளூடூத் விசைப்பலகைக்கும் வேறுபாடு பெரிது. முன்பு நான் வைத்திருந்த புளூடூத் பலகை, சற்று நேரம் தொடாவிட்டால் மின்சாரத்தைச் சேமிக்க உறங்கிவிடும். யோசித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கும்போது முதல் ஓரிரு எழுத்துகளை விழுங்கிவிடும். 'அவர்கள்' என்று அடித்தால் 'ர்கள்' என்று விழும். செப்பனிடும் தொழிலில் இருப்பவருக்கு அது தாங்க முடியாத துன்பம். இப்போதைய உறை டேப்லெட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை. தனியாக மின்னேற்றவும் வேண்டாம்.

அடுத்தது அகலம். முழு அளவு விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறத்தாழ 19 மி.மீ. இருக்கும். 10, 11 அங்குல உறைகளில் அந்த அளவுக்கு இடம் போதாது என்பதால் வலது ஓரத்து விசைகளை ஒடுக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அவை அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும்தான். எப்போதாவது விரல் போகும் இடம். தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் பழகியவருக்கோ 'ச', 'ஞ', 'ந', 'ய', 'ழ' ஆகிய ஐந்தும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. ஒடுங்கிய அந்த விசைகளில் சுண்டுவிரல் தடுமாற, முதல் வாரம் முழுவதும் 'யார்' என்று எழுதப்போய் வரி உடைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது, ஏனெனில் 'ய'வுக்கு ஒட்டினாற்போல் இருப்பது என்டர் விசை. தமிழில் நிறைய எழுதுபவர்கள் உறை வாங்கும்போது வலது ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. திரையில் தோன்றும் தமிழ் விசைப்பலகை சரியாக வேலை செய்கிறது என்பதால் வெளி விசைப்பலகையிலும் அது வேலை செய்யும் என்று கொள்ள முடியாது. நான் கைபேசியில் பல ஆண்டாகப் பயன்படுத்தும் உள்ளீட்டுச் செயலி, உறையின் விசைகளை அழுத்தியபோது ஆங்கிலத்தையே தந்தது. வேறொரு செயலியைத் தேடி நிறுவ இரண்டு நாள் போயிற்று.

15 மார்ச் 2025

மேலே எழுதியதில் ஒன்று விடுபட்டது: தமிழ்99இல் கை தேறிவிட்டது. மூன்றாம் வாரத்தில் வேகம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மடிக்கணினிக்குத் திரும்பியபோது அங்கே இரண்டு நாள் தடுமாறினேன்.

23 மார்ச் 2025

நல்ல விசைப்பலகை ஒன்று வந்துவிட்டால் டேப்லெட் மடிக்கணினியாகிவிடும் என்ற எண்ணம் பலருடைய பதிலிலும் அடியோட்டமாக இருக்கிறது. நானும் பிப்ரவரிக்கு முன் அப்படித்தான் எண்ணினேன். வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது.

2010 ஜனவரி 27ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை அறிமுகம் செய்த அன்றே, அதை நிமிர்த்தி வைத்துத் தட்டச்சிட ஒரு விசைப்பலகைத் தாங்கியும் அறிவிக்கப்பட்டது. அதாவது விசைப்பலகை முதல் நாளிலிருந்தே இருந்தது. கோப்புகளைப் பார்க்கவும் அடுக்கவும் ஃபைல்ஸ் என்ற செயலி 2017இல்தான் வந்தது. பென்டிரைவைச் செருகிக் கோப்பை எடுக்கும் வசதி, ஐபேடுக்கென்று தனி இயங்குதளம் பிரிந்த 2019இல் கிடைத்தது. சுட்டியும் தொடுபலகையும் முழுமையாக ஏற்கப்பட்டது 2020 மார்ச்சில். சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் ஏற்பாடு, சில ஐபேடுகளில் மட்டும், 2022இல். ஆண்ட்ராய்டு பக்கத்தில் சாம்சங்கின் டெக்ஸ் என்ற கணினித்திரை ஏற்பாடு 2017இல் கைபேசிக்கும் அடுத்த ஆண்டு டேப்லெட்டுக்கும் வந்து, சாளரங்களைச் சற்று முன்னதாகவே தந்தது.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பதினைந்து ஆண்டாக டேப்லெட்டுக்கு இல்லாமல் போனது விசைப்பலகை அல்ல என்பது விளங்கும். கோப்பு ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்குத் தடையின்றிப் போய்வர வேண்டும். ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றில் எழுத முடிய வேண்டும். விட்ட இடத்தில் வேலை அப்படியே இருக்க வேண்டும். மடிக்கணினி என்று நாம் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். பிப்ரவரியில் எனக்கு நேர்ந்த இடர்கள் ஒவ்வொன்றையும் எடுத்து எண்ணினேன். தட்டச்சால் வந்தவை குறைவு, கோப்பால் வந்தவையே மிகுதி.

24 மார்ச் 2025

விண்டோஸ் டேப்லெட்டை மறந்துவிட்டீர்களே என்கிறார்கள். மறக்கவில்லை, அது வேறு கேள்வி.

2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த சர்ஃபேஸ் ஆர்டி, உறை விசைப்பலகையோடு காட்சியளித்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று. பார்ப்பதற்கு விண்டோஸ், பழைய விண்டோஸ் மென்பொருள் எதையும் நிறுவ முடியாது. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் நிரல்களை ஏற்ற முயன்று ஏமாந்தார்கள். 2013 ஜூலையில் அந்த நிறுவனம் இதன் பொருட்டு 90 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுத நேர்ந்தது. அதே 2013இன் தொடக்கத்தில் வந்த சர்ஃபேஸ் ப்ரோவில் முழு விண்டோஸ் இருந்தது. அந்த வரிசைதான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. கழற்றக்கூடிய விசைப்பலகை கொண்ட அக்கருவி, என் பார்வையில், வேறு உடல் எடுத்த மடிக்கணினி. அதில் மென்பொருள் குறையாது. மடியில் வைக்கும் தொல்லை குறையாமல் இருக்கும். விரலுக்கென்று வடிவமைத்த செயலிகள் குறைவாக இருக்கும்.

2 ஏப்ரல் 2025

கேள்வி கேட்டவர் வேர்டும் எக்செலும் டேப்லெட்டில் எப்படி என்று குறிப்பாகக் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

திருத்தங்களைத் தடம் காட்டும் வசதியும் குறிப்புகளும் நன்றாக வேலை செய்கின்றன. பல படிகளை ஒரே அழுத்தலில் தானாகச் செய்யும் சிறு நிரலான மேக்ரோ வேலை செய்யாது. ஐபேடிலும் இல்லை, ஆண்ட்ராய்டிலும் இல்லை. என்னிடம் இரட்டை இடைவெளிகளை நீக்கி, மேற்கோள்குறிகளை ஒரே சீராக்கும் ஒரு சிறிய மேக்ரோ உண்டு. ஒவ்வொரு நூலையும் அதில் ஓடவிட்ட பிறகுதான் படிக்கத் தொடங்குவேன். பிப்ரவரியில் அதைக் கையால் செய்தேன். ஒரு நூலுக்கு அரை நாள் கூடுதலாகப் பிடித்தது. உங்கள் மாதாந்தர எக்செல் கோப்பில் பொத்தானை அழுத்திக் கணக்கு வரும்படி யாராவது அமைத்திருந்தால், டேப்லெட்டில் அந்தப் பொத்தான் அசையாது. 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் வேர்டில் திருத்த வேண்டுமானால் சந்தா கட்டாயம் என்பதையும் வாங்குமுன் அறிந்திருப்பது நல்லது.

பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் வரும் கோப்புகள் இன்னொரு தலைவலி. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரை என் டேப்லெட்டில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் திறந்தது. மடிக்கணினியில் எழுத்துருவை நிறுவி, குறியாக்கத்தை மாற்றும் நிரலில் ஓடவிட்டால் ஐந்து நிமிட வேலை.

3 ஏப்ரல் 2025

வீட்டுக் கணினியைத் தொலைவிலிருந்து டேப்லெட்டில் திறந்து மேக்ரோவை ஓட்டலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓட்டலாம், நானும் மார்ச்சில் இரண்டு முறை அப்படிச் செய்தேன். ஆனால் அப்போது வேலை செய்வது வீட்டிலிருக்கும் கணினி. அதை விற்றுவிட்டு டேப்லெட் மட்டும் போதுமா என்பதுதானே இங்கே கேள்வி.

19 ஏப்ரல் 2025

சிறு குறிப்புகள் சில, நினைவில் வந்த வரிசையில்.

டேப்லெட்டின் யூஎஸ்பி-சி துளை எல்லாவற்றிலும் ஒன்றல்ல. பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் அந்த வழியே வெளித் திரைக்குக் காட்சி போகாது. என்னுடையதில் போகிறது என்பதை வாங்கிய பிறகுதான் அறிந்தேன், நல்வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரே துளைதான் இருக்கும் என்பதால், மின்னேற்றிக்கொண்டே பென்டிரைவைச் செருக இணைப்புப் பெட்டி ஒன்று தேவைப்படும். ஆண்ட்ராய்டில் குரோம் உலாவிக்கு நீட்சிகள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) கிடையாது, ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. பக்க வடிவமைப்புக்கான இன்டிசைன் ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் இல்லை. உறை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்பது நன்மை. ஆனால் டேப்லெட்டை மாற்றினால் பழைய உறை பெரும்பாலும் பொருந்தாது. 2024இன் ஐபேட் ப்ரோவுக்கு முந்தைய மேஜிக் கீபோர்டு சேராமற்போனது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

8 ஜூன் 2025

இரண்டு மாதமாக இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்திய பிறகு என் முதல் குறிப்பில் ஒன்றை மாற்ற வேண்டியிருக்கிறது. மின்கலத்தை டேப்லெட்டின் தனிச்சிறப்பாக எழுதியிருந்தேன். என் பழைய மடிக்கணினியோடு ஒப்பிட்டதால் வந்த பிழை அது. 2020 நவம்பரில் எம்1 சில்லோடு மடிக்கணினிகள் வரத் தொடங்கியபோதே அந்த வேறுபாடு கரைந்துவிட்டது. காற்றாடியே இல்லாமல், சூடேறாமல், நாள் முழுவதும் தாங்கும் மடிக்கணினி இன்று கிடைக்கிறது. ஐபேடும் 2021இல் அதே எம்1 சில்லைப் பெற்றது. உள்ளே ஒரே மூளை இருந்தும் இரண்டிலும் செய்ய முடிகிற வேலை வேறாக இருந்தது. ஆற்றல் குறைவால் வந்த குறை இது அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பேனாவைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. மெய்ப்பு இப்போதும் டேப்லெட்டில்தான் பார்க்கிறேன்.

21 செப்டம்பர் 2025

மார்ச் 23ஆம் தேதிக் குறிப்பின் பட்டியலில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். செப்டம்பர் 15இல் ஐபேடுகளுக்கு ஐபேட்ஓஎஸ் 26 வந்திருக்கிறது. சாளரங்களை விருப்பம்போல் இழுத்துப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடிகிறது. திரையின் மேலே கணினியில் இருப்பதுபோல் மெனு வரிசை வருகிறது. ஒரு கோப்பை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். நீண்ட வேலைகள் பின்னணியில் தொடரலாம். விலையுயர்ந்த ஐபேடுகளுக்கு மட்டும் என்றில்லாமல், இந்த இயங்குதளத்தை ஏற்கும் எல்லா ஐபேடுக்கும் சாளர வசதி கிடைக்கிறது. என் டேப்லெட் ஐபேட் அன்று. தங்கையிடம் ஒன்று இருக்கிறது. வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

12 அக்டோபர் 2025

தங்கையின் ஐபேடோடு ஒன்பது நாள் வேலை செய்தேன். இடப்பக்கம் மூலநூல், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு, கீழே மூலையில் சிறிய சாளரமாக அகராதி. மூன்றையும் நான் வைத்த இடத்தில் வைத்து, மறுநாள் திறந்தபோதும் அவை அங்கேயே இருந்ததைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. பிப்ரவரியில் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க மொழிபெயர்ப்பை விட்டு அகராதிக்குப் போய், திரும்பி வந்து வரியைத் தேடியதை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். 11 அங்குலத்தில் மூன்று சாளரம் நெருக்கடிதான்; எழுத்தைச் சற்றுச் சிறிதாக்க வேண்டியிருந்தது.

பின்னணி வேலையைப் பற்றி அவசரப்பட்டு மகிழ வேண்டாம். செயலியை உருவாக்கியவர்கள் அந்த வசதிக்கு ஏற்ப எழுதியிருந்தால்தான் அது கிடைக்கும். மேக்ரோ இன்னும் இல்லை. பதிப்பகம் அனுப்பிய இன்டிசைன் கோப்பை இன்னும் திறக்க முடியாது.

பழைய முறையில் பழகியவர்களுக்கு ஓர் இழப்பும் உண்டு. திரையைச் சரிபாதியாகப் பிரிக்கும் பழைய ஏற்பாடும், ஓரத்திலிருந்து ஒரு செயலியை இழுத்து மேலே மிதக்க விடும் ஏற்பாடும் நீக்கப்பட்டுவிட்டன. தங்கை இரண்டாவதை நம்பியே நாள் முழுவதும் குறிப்பெடுப்பவள். அவளுக்கு இந்தப் புதுப்பிப்பு பிடிக்கவில்லை. "நீங்க கேட்டதைக் குடுத்துட்டு எங்ககிட்ட இருந்ததை எடுத்துக்கிட்டாங்க" என்றாள். அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. டேப்லெட்டை டேப்லெட்டாகவே விரும்புகிறவர்களின் வேலையையும் எண்ணிப் பார்க்காமல் மடிக்கணினியின் அளவுகோலை மட்டும் நான் இங்கே வைத்துக்கொண்டிருந்தேன்.

9 நவம்பர் 2025

தங்கை கேட்டது திரும்ப வந்துவிட்டது. இம்மாதத் தொடக்கத்தில் வந்த 26.1 பதிப்பில் மிதக்கும் சாளரத்தை மீண்டும் சேர்த்திருக்கிறார்கள்.

16 நவம்பர் 2025

கேள்வி கேட்டவர் இன்னும் வாங்கவில்லை என்றும், எட்டு மாதமாக இந்தக் குறிப்புகளைப் படித்துக் குழப்பம்தான் கூடியது என்றும் எழுதியிருக்கிறார். எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தாராம். அதில் மேக்ரோ இருக்கிறதாம். ஆகவே அவருக்கு மட்டும் என்று நேராகச் சொல்கிறேன்.

உங்கள் வேலையில் மொழிபெயர்ப்பு, வாசிப்பு, சந்திப்பு ஆகிய மூன்றும் டேப்லெட்டில் நடக்கும். வாசிப்பு மடிக்கணினியைவிட நன்றாகவே நடக்கும். நடக்காதது மாதம் ஒருமுறை வரும் அந்தக் கணக்கு ஒன்றுதான். அதற்காகப் புதிய மடிக்கணினி வாங்க வேண்டியதில்லை, பழையதை எறியவும் வேண்டியதில்லை. கீல் உடைந்த மடிக்கணினியை மேசையில் ஒரே இடத்தில் வைத்து, ஒரு வெளித் திரையையும் சாதாரண விசைப்பலகையையும் இணைத்துவிடுங்கள். திரையைத் திறந்து மூட வேண்டாம் என்றால் கீல் உடைந்ததால் குறையொன்றுமில்லை. எப்போதும் மின்இணைப்பில் இருந்தால் மின்கலத்தைப் பற்றியும் கவலையில்லை. மாதக் கணக்கும், மாதத்தில் எதிர்பாராமல் வரும் ஒன்றிரண்டு வேலைகளும் அங்கே முடியும். டேப்லெட்டை வாங்குமுன் உங்கள் கையிலிருக்கும் கைபேசியிலேயே ஒரு வாரம், இந்த வாரத்தில் எத்தனை கோப்புகள் எங்கிருந்து வந்து எங்கே போயின என்று மட்டும் குறித்து வாருங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தால் எது போதும் என்று தெரிந்துவிடும்.

17 நவம்பர் 2025

நேற்றைய குறிப்பில் மின்கலத்தைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதியது முழுக்கச் சரியல்ல. ஏழு ஆண்டு ஆன மின்கலம் உப்பியிருக்கக்கூடும். மடிக்கணினியைச் சமமான மேசையில் வைத்து, அடித்தட்டு ஆடுகிறதா, தொடுபலகை மேலே எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உடனே மின்இணைப்பைத் துண்டித்து, பழுதுநீக்குபவரிடம் கொடுத்து மின்கலத்தைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். மின்கலம் இல்லாமலும் நேர் மின்இணைப்பில் ஓடுகிற மடிக்கணினிகள் பல உண்டு. உங்களுடையது அந்த வகைதானா என்பதை அவரிடமே கேட்டுக்கொண்டு, பிறகு வெளித் திரையை வாங்குங்கள்.